‘சி’ எழுத்தின் கீழே

பதுளை மாவட்டத்தில், தோட்டங்களை அண்டிய கிராமப் பாடசாலையொன்றில் ஆங்கிலமும் படிப்பிக்கிறேன். ஆசிரிய கலாசாலையில் எமக்குச் சொல்லித்தந்த பழைய முறையொன்று உண்டு. கரும்பலகையில் ஓர் எழுத்தை எழுதி, அதில் தொடங்கும் சொற்களைப் பிள்ளைகளைக் கொண்டே அகராதியில் தேடுவித்துக் கருத்து எழுதச் செய்வது. ஒருநாள் ‘சி’ எழுத்து. எட்டாந்தர மாணவி ஒருத்தி அகராதியோடு மேசைக்கு வந்தாள். லயத்துப் பிள்ளை.

“சேர், கூலின்னா சம்பளம்தானே? இதுல ஆளுன்னு போட்டிருக்கே?”

உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை. அந்தக் கேள்வியின் பின்னால் போய்த் தேடியதே இக்கட்டுரை.

கீழைத்தேயச் சொற்கள் ஆங்கிலத்தில் கலந்த கதையைத் தொகுத்த பேரகராதி ‘ஹொப்சன் ஜொப்சன்’. ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்த பர்னலும் தொகுத்த அந்நூல் 1886இல் வெளிவந்தது. ஊவா தனி மாகாணமானதும் அதே ஆண்டில்தான். நூலின் பெயரே நமக்கு அந்நியமன்று. முஹர்ரம் ஊர்வலத்தில் எழும் “யா ஹஸன், யா ஹுஸைன்” என்ற ஓலம் பிரித்தானியச் சிப்பாய்களின் வாயில் சிதைந்து ‘ஹொப்சன் ஜொப்சன்’ ஆயிற்று.

அதில் ‘சி’ எழுத்துப் பக்கங்களைப் புரட்டினால் நமது கரையோரமே கண்முன் விரிகிறது. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆகியிருக்கிறது. கயிறு ‘கொயர்’, கஞ்சி ‘கொன்ஜி’, சுருட்டு ‘ஷெரூட்’, கணக்கப்பிள்ளை ‘கொனிகொப்பொலி’. நமது காசும் ‘கேஷ்’ என்ற பெயரில் சிறு நாணயமாக அங்கிருக்கிறது. கைப்பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு வேரில் பிறந்தது. இவையெல்லாம் ஓசை திரிந்தனவேயன்றிப் பொருள் பெரிதும் திரியவில்லை. கடல் தாண்டிய பின்னும் கஞ்சி கஞ்சிதான், சுருட்டு சுருட்டுதான்.

‘கூலி’ மட்டும் அப்படியல்ல. தமிழில் அது உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். ஆங்கிலத்தில் அது உழைத்தவனின் பெயர். குஜராத்தின் ‘கோலி’ என்ற சமூகப் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர். இரண்டும் ஒன்றிற் கலந்தன என்பாரும் உளர். வேர் எதுவாயினும் நமது தோட்டங்களில் நடந்தது ஒன்றே: கொடுக்கவேண்டிய பணத்தின் பெயரை ஆளின்மேல் ஒட்டினார்கள்.

அவர்களை இங்கே கொண்டுவந்த பயிரின் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. கோப்பி. அறபியில் ‘கஹ்வா’. 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு ஸூபிகள் இரவு திக்ரில் கண்விழித்திருக்க அருந்திய பானம் அது. துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போய், பிறகு வெள்ளைத்துரைமாரின் வணிகப் பயிராக நமது மலைகளை மூடியது. 1869இல் இங்கே மடுல்சீமைப் பகுதியிலேயே கோப்பி இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இரு தசாப்தங்களில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1890இல் லிப்டன் ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையை வாங்கினார். பயிர் மாறியது, துரை மாறினார், ‘கூலி’ மாறவில்லை.

மாறாததோடு நிற்கவுமில்லை. துரைமார் தமிழ் கற்க எழுதப்பட்ட கைநூல் ஒன்றின் பெயர் ‘இங்கே வா’. 1915இல் வெல்ஸ் எழுதிய மற்றொன்றின் பெயர் ‘கூலித் தமிழ்’. ஆளுக்கு ஒட்டிய பெயரை அவன் பேசிய தாய்மொழிக்கும் ஒட்டிவிட்டார்கள்.

துரைமாரை மட்டும் குறைசொல்லி எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை. வாப்பா தோட்டத்துச் சந்தியில் சில்லறைக் கடை வைத்திருந்தார். பள்ளிவிட்டு வந்து கடன் கொப்பி எழுதுவது என் வேலை. கிராமத்தவர்களுக்குப் பெயரோடு ‘நானா’, ‘மாமா’ என்று எழுதுவேன். தோட்டத்து ஆட்களுக்குப் பெயருக்கு முன்னால் ‘கூலி’ என்று எழுதுவேன். யாரும் எழுதச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. சம்பள நாளில் வந்து, ஒரு சதமும் மிச்சம் வைக்காமல் கடனைத் தீர்த்துவிட்டுப் போன மனிதர்கள் அவர்கள். அந்தக் கொப்பியை அவர்களுள் வாசிக்கத் தெரிந்த ஒருவர் எட்டிப் பார்த்திருப்பாரோ என்ற எண்ணம் இப்போதும் உறுத்துகிறது.

கூலியின் சொந்தப் பொருளுக்காக அவர்கள் நடத்திய போராட்டமோ நெடியது. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் வந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கு 2003இன் சட்டமே உரிமை தந்தது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாக 2021இலும், 1,350 ரூபாவாக 2024இலும் நிர்ணயிக்கப்பட்டது. ஒவ்வொரு படியும் கேட்டு, மறுக்கப்பட்டு, மீண்டும் கேட்டுப் பெற்றதே.

மறுநாள் கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதி, அருகில் இரண்டு கருத்துகள் எழுதினேன். தமிழில்: வேலைக்குரிய ஊதியம். ஆங்கிலத்தில்: அந்த ஊதியத்தைச் சரியாகக் கொடாதவர்கள் தொழிலாளிக்கு இட்ட பெயர். அகராதியில் இரண்டாவது இப்படி இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

அந்த மாணவி இரண்டையும் எழுதிக்கொண்டாள். பிறகு முதலாவதன் கீழே மட்டும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டாள்.