தங்கவயலும் ஜாவா பீன்ஸும்

பி.காம். படித்த ஆசாமிக்கு ஜாவா பற்றி என்ன பேச்சு என்று கேட்காதீர்கள். எனக்கு ஊர் கோலார் தங்கவயல், பிழைப்பு வங்கி. இந்தக் கதை இரண்டையும் தொட்டுப் போகிறது.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி சுரங்கத்தைக் கையில் எடுத்தது. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து நம் ஜனங்கள் வந்து குடியேறினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு எல்லாம் மூடியாச்சு. பெரும்பாலும் சுரங்கத்தை நம்பியிருந்த ஊர் அது. அப்புறம் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்குப் போய்வருவதே பலருக்குப் பிழைப்பானது. அங்கே அப்போது பையன்கள் ஓடி ஓடிப் படித்தது ஜாவா.

அதில் பெரிய பேச்சு எண்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ், சுருக்கமாக இஜேபி. ஐபிஎம் 1997இல் ஆரம்பித்த வேலை. 1998இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1.0 என்று வெளியிட்டது. விஷயம் சிம்பிள். நீங்கள் அக்காவுக்கு 10,000 ரூபாய் அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கில் பற்று, அக்கா கணக்கில் வரவு. நடுவில் கரண்ட் போனால்? இரண்டும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுமே நடக்கக் கூடாது. இந்தக் காவலை 'கன்டெய்னர்' பார்த்துக்கொள்ளும். புரோகிராமர் கணக்கின் விதியை மட்டும் எழுதினால் போதும். தங்கவயல்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பாறையில் துளை போடுகிறவர் வேறு, மேலே நின்று கூண்டை இறக்குகிறவர் வேறு.

ஆனால் ஒரு பீன் செய்ய ஹோம் இன்டர்ஃபேஸ், ரிமோட் இன்டர்ஃபேஸ், பீன் கிளாஸ், கூடவே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு என்று இத்தனை வேண்டும். ஒன்றில் பெயர் பிசகினால் இன்னொன்று உதைக்கும். விஷுவல் ஏஜ், ஜேபில்டர் மாதிரி மென்பொருள்களில் பெயரைக் கொடுத்து 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' அழுத்தினால் எல்லாம் தயார். 2001 நவம்பரில் ஐபிஎம் தன் எக்ளிப்ஸை இலவசமாகவே திறந்துவிட்டது.

2004இல் ஸ்பிரிங் 1.0 வந்தது. இவ்வளவு சடங்கு எதற்கு, சாதாரண ஜாவாவே போதும் என்றது. 2006இல் இஜேபி 3.0 தானே ஹோம் இன்டர்ஃபேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எக்ஸ்எம்எல்லில் எழுதியதில் பெரும்பகுதிக்குக் கோடிலேயே ஒரு சின்னக் குறி போதும் என்றானது. அந்த நெக்ஸ்ட் வித்தைக்கு ஆயுள் எட்டே வருஷம்.

பற்று-வரவு விதி மட்டும் அப்படியே இருக்கிறது. இரட்டைப் பதிவுக் கணக்கை லூகா பாசியோலி வெனிஸில் அச்சிட்டது 1494இல். இஜேபி இன்று ஜகார்த்தா என்ற பெயரில் இருக்கிறது. அதிலும், ஸ்பிரிங்கிலும் காவல் காப்பது இதே விதியைத்தான்.

இப்போது பிள்ளைகள் ஏஐயிடம் கேட்டு நிமிஷத்தில் கோடு வாங்கிக் காட்டுகிறார்கள். சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள்: "கண்ணு, இது பாதியில் நின்றுபோனால் பணம் யார் கணக்கில் இருக்கும்?"