வானிலை எதிர்வுகூறலும் 1888 ஆம் ஆண்டுப் பனிப்புயலும்

நாளை நிகழவிருப்பதை இன்றே அறிந்துகொள்ள வேண்டுமென்னும் வேட்கை மனிதனுக்குத் தொன்றுதொட்டே உண்டு. உழவனும் கடலோடியும் முகிலின் நிறத்தையும் காற்றின் திசையையும் நோக்கியே தத்தம் தொழிலை நடத்தி வந்தனர். பல தலைமுறைகளாகத் திரண்ட இவ்வநுபவ அறிவு, கருவிகளின் துணையாலும் தந்தியின் துணையாலும் ஒரு விஞ்ஞானமாக உருப்பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாம். அவ்விஞ்ஞானம் தன் இளமைப் பருவத்தில் எதிர்நோக்கிய கடுஞ்சோதனைகளுள் ஒன்று, 1888 ஆம் ஆண்டு சனவரி மாதம் 12 ஆம் நாள் வட அமெரிக்காவின் நடுச் சமவெளியிலே வீசிய பனிப்புயலாகும். அந்நாளில் மடிந்தவருள் பாடசாலைப் பிள்ளைகள் பலராதலின், ‘பிள்ளைகளின் பனிப்புயல்’ என்றே அது வரலாற்றிற் பெயர் பெற்றுள்ளது. அப்புயலுக்கு முன்னறிவித்தல் இல்லாமலில்லை. அரசாங்கத்தின் வானிலை அலுவலகம் ஒன்று அப்பிரதேசத்திற்கெனவே அமைக்கப்பட்டிருந்தது. அது குளிரலை வருமென்று கூறியும் இருந்தது. அங்ஙனமாயின் இத்துணை உயிர்கள் மடிந்தது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலத்தையும் மக்களையும் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். டக்கோட்டா, நெபிராஸ்கா, மினசோட்டா, அயோவா ஆகிய பகுதிகள் மலையோ பெருங்காடோ குறுக்கிடாத புல்வெளிகள். வடக்கே கனடாவின் பனிப்பிரதேசத்திலிருந்து புறப்படும் குளிர்காற்றைத் தடுக்க அங்கே அரண் எதுவுமில்லை. 1862 ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிர்செய்யும் குடும்பத்துக்கு 160 ஏக்கர் நிலத்தை வழங்க முன்வந்தது. புகையிரதப் பாதைகளும் மேற்கு நோக்கி நீண்டன. நோர்வே, சுவீடன், ஜேர்மனி, உருசியா முதலிய தேசங்களிலிருந்து ஏழைக் குடியானவர் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர். மரம் அரிதான அந்நாட்டில் புற்றரையை மண்ணோடு வெட்டியெடுத்துச் சுவர் எழுப்பி வாழ்ந்தவர் பலர். ஒரு வீட்டிற்கும் மறு வீட்டிற்கும் இடையே தூரம் அதிகம். அவற்றின் நடுவே ஓரறைப் பாடசாலை, பதினெட்டு இருபது வயது நிரம்பிய ஓர் ஆசிரியை, ஓர் அடுப்பு. அத்தகைய பாடசாலைகளே அன்றைய சமவெளியெங்கும் இருந்தன.

ஐக்கிய அமெரிக்காவில் அரசாங்க வானிலைச் சேவை 1870 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. அவ்வாண்டு பெப்புருவரி 9 ஆம் நாள் சனாதிபதி கிராண்ட் ஒப்பமிட்ட தீர்மானத்தின்படி இப்பணி இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. நவம்பர் முதலாம் நாள் 24 நிலையங்கள் ஒரே வேளையில் அவதானித்துத் தந்தி மூலம் வாஷிங்டனுக்குச் செய்தி அனுப்பின. அந்நாட்டின் புயல்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்பவை; தந்தியோ எப்புயலினும் விரைந்து செல்வது. ஆகவே மேற்கிலே நிகழ்வதை அறிந்தால் கிழக்கிலுள்ளோரை முற்கூட்டியே எச்சரிக்கலாம் என்பதே இச்சேவையின் அடிப்படைக் கருத்து. அறிவித்தல்களுக்கு இட்ட பெயர்களும் கருதற்பாலன. தொடக்கத்தில் அவை ‘நிகழக்கூடியன’ என்னும் பொருள்படவும், 1876 முதல் ‘அறிகுறிகள்’ என்னும் பொருள்படவும் வழங்கப்பட்டன. ‘எதிர்வுகூறல்’ என்று துணிந்து கூறும் பெயர் 1889 ஆம் ஆண்டிலேதான் ஆட்சிக்கு வந்தது. தம் அறிவின் எல்லையை அவர்கள் ஓரளவு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இப்பெயர்களே சான்று.

1887 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, வடமேற்குச் சமவெளிக்கெனத் தனியாக எதிர்வுகூறும் அலுவலகம் ஒன்று மினசோட்டாவின் சென் போல் நகரில் நிறுவப்பட்டது. அதற்குப் பொறுப்பாயிருந்தவர் தோமஸ் வூட்ரவ் என்னும் இராணுவ அதிகாரி. இவர் இத்துறையிற் பயிற்சியற்றவரல்லர். குளிரலைகளும் அவை பரவும் முறையும் பற்றி 1885 இல் ஓர் ஆராய்ச்சி நூலே வெளியிட்டவர். சேவை முழுவதற்கும் தலைவராயிருந்தவர் அடோல்பஸ் கிரீலி. வடதுருவப் பிரதேசத்துக்கு 1881 இல் தம்மோடு சேர்த்து 25 பேர் கொண்ட குழுவாகச் சென்று, 1884 இல் உயிர் மீண்ட அறுவருள் ஒருவர் இவர். குளிரின் கொடுமையை இவரினும் நன்கு அறிந்தார் வேறு யாவர்?

12 ஆம் நாளுக்கென வெளியிடப்பட்ட அறிகுறிகளின் சாரம் வருமாறு: டக்கோட்டாவிலும் நெபிராஸ்காவிலும் அன்றிரவும் மறுநாளும் குளிரலை தோன்றும், அப்பகுதிகளிலும் மினசோட்டா, விஸ்கொன்சின் ஆகியவற்றிலும் காற்றினாற் பனி பெருமளவில் வாரிக் குவிக்கப்படும். சொல்லளவில் நோக்கின் இதனைப் பொய் என்று தள்ளுதல் இயலாது. குளிர் வந்தது, பனியும் குவிந்தது. ஆயின் இரவுக்கென்று கூறப்பட்ட குளிர் பகலிலேயே வந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அச்சில மணி நேரமே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட எல்லையாயிற்று. மேலும் ‘குளிரலை’ என்பது வெப்பநிலை குறிப்பிட்ட அளவு வீழ்வதைக் குறிக்கும் துறைச்சொல். கண்ணை மறைக்கும் புயல் ஒன்று கணத்தில் வந்து தாக்கும் என்னும் பொருளை அச்சொல் கேட்போர் மனத்தில் எழுப்பவில்லை.

பனி என்றவுடன் வைகறையிற் புல் நுனியில் நிற்கும் பனித்துளியையே நினைப்பவர் நாம். அன்று வீசியது மாவினும் நுண்ணிய பனித்தூள். கண்ணிமைகளில் ஒட்டி உறைந்து கண்ணைத் திறக்கவொட்டாது செய்வது அது. இத்தகைய புயலைக் குறிக்கும் ‘பிளிசார்ட்’ என்னும் சொல்லே 1870 ஆம் ஆண்டளவில் அயோவாப் பத்திரிகை ஒன்றில் இப்பொருளில் வழங்கத் தொடங்கியதாகும். 12 ஆம் நாட் காலைப் பொழுதோ மிக இனிதாயிருந்தது. முன்னைய நாட்களின் கடுங்குளிர் தணிந்து தெற்கிலிருந்து இளஞ்சூடான காற்று வீசிற்று. உழவர் கால்நடைகளை வெளியே ஓட்டினர். பிள்ளைகள் கனத்த மேலாடையின்றிப் பாடசாலைக்குச் சென்றனர். அவ்வினிமையே ஆபத்தின் முற்குறி என்பதை அவர் அறியார். தாழமுக்கத்தின் முன்பக்கத்தே தெற்கின் வெப்பக்காற்று இழுக்கப்படுவதும், பின்பக்கத்தே வடக்கின் குளிர்காற்றுப் பாய்வதும் இன்று நமக்குப் பாடநூற் செய்தி. வைகறைக்கு முன் மொன்டானாவிற் புகுந்த குளிர்காற்று, நண்பகலுக்குச் சற்று முன் டக்கோட்டாவின் ஹூரோன் நகரை அடைந்தது. பிற்பகல் மூன்று மணியளவில், பாடசாலை விடும் வேளையில், நெபிராஸ்காவின் கிழக்குப் பகுதியை எட்டிற்று. உறைநிலைக்குச் சற்று மேலிருந்த வெப்பநிலை, சில மணி நேரத்துள் பரனைற் அளவிற் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைவரை, அதாவது செல்சியஸ் அளவிற் கழிய 29 பாகைவரை வீழ்ந்தது.

அவ்வேளையில் ஒவ்வோர் ஆசிரியையும் தனித்தே முடிவு செய்யவேண்டியிருந்தது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதா? பாடசாலையிலேயே வைத்திருப்பதா? வைத்திருப்பின் அடுப்புக்கு எரிபொருள் விடியும்வரை போதுமா? நெபிராஸ்காவின் மைரா பள்ளத்தாக்கிலே மின்னி பிரீமன் என்னும் இளம் ஆசிரியை, புற்றரை மண்ணாற் கட்டிய தம் பாடசாலையின் கூரையைக் காற்றுப் பெயர்த்தெறிந்தபின், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறி, அவர்கள் அனைவரையும் ஒரு பண்ணை வீட்டில் உயிருடன் சேர்த்தார். அவர் புகழைக் கூறும் பாடல் பிள்ளைகளைப் பதின்மூவர் என்கிறது. வேறு கணக்குகளும் உள. எல்லோரையும் கயிற்றாற் பிணைத்து நடத்தினார் என்னும் கதையைப் பிற்காலத்தில் அப்பிள்ளைகளுள் ஒருவரே மறுத்ததாகக் கூறுவர். பெருந்துன்பத்தின் நடுவே ஒரு வெற்றி நிகழ்ந்தால் மக்கள் அதனைச் சுற்றிக் கதை பின்னுதல் இயல்பே. கயிறு இருந்ததோ இல்லையோ, பிள்ளைகள் பிழைத்தனர் என்பது உண்மை.

பிளேன்வியூ என்னும் ஊருக்கு அருகில் லோயிஸ் ரோய்ஸ் என்னும் ஆசிரியையிடம் மூன்று பிள்ளைகள் எஞ்சியிருந்தனர். பிற்பகல் மூன்று மணிக்குள் எரிபொருள் தீர்ந்தது. அவர் தங்கியிருந்த வீடோ 82 யார் தூரத்திலேயே இருந்தது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் புறப்பட்டார். கூப்பிடு தூரத்திலுள்ள அவ்வீட்டை அவர்களால் அடைய முடியவில்லை. ஒன்பது வயதுச் சிறுவர் இருவரும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியும் குளிரில் விறைத்து மடிந்தனர். ஆசிரியை உயிர் பிழைத்தார். ஆயின் அவருடைய பாதங்கள் வெட்டி அகற்றப்பட்டன. எற்றா சட்டக் என்னும் பத்தொன்பது வயது ஆசிரியை வழிதவறி வைக்கோற்போர் ஒன்றினுட் புகுந்து, 78 மணி நேரத்தின் பின் கண்டெடுக்கப்பட்டு, சத்திர சிகிச்சையின் பின் பெப்புருவரி 6 ஆம் நாள் இறந்தார். மாண்டோர் தொகை 235 எனப் பொதுவாகக் கூறப்படும். 500 வரை இருத்தல் கூடுமென எண்ணுவோரும் உளர்.

மின்னி பிரீமனும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினார். லோயிஸ் ரோய்சும் அவ்வாறே வெளியேறினார். முன்னவரைப் பத்திரிகைகள் வீராங்கனை என்று போற்றின. பின்னவர் வாழ்நாள் முழுவதும் அந்நாளின் நினைவைச் சுமந்தார். இருவருடைய துணிவிலும் அன்பிலும் குறைவு காண்பதற்கில்லை. விளைவை நோக்கி ஒருவரைப் புகழ்ந்து மற்றவரைப் பழித்தல் வரலாறு பயில்வோர்க்குத் தகுதியன்று. அவர்கள் இருவருக்கும் கிடைக்காமற்போன செய்தி ஒன்று உண்டு. அதையே நாம் ஆராய வேண்டும்.

எதிர்வுகூறல் அவர்களைச் சென்றடையாமைக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அறிவின் குறை. வெப்பக்காற்றும் குளிர்காற்றும் கூர்மையான எல்லையொன்றிற் சந்திக்கின்றன என்னும் ‘முகப்பு’க் கொள்கை, நோர்வேயின் பேர்கன் நகரிலே பியர்க்னெஸ் குழுவினரால் 1919 ஆம் ஆண்டளவிலேயே வகுக்கப்பட்டது. 1888 இல் வூட்ரவின் முன்னிருந்தவை அமுக்கக் கோடுகளும் ஒருசில நிலையங்களின் எண்களும் மட்டுமே. இரண்டாவது, செய்தி சென்ற வழியின் குறை. அறிகுறிகள் தந்தி மூலம் நகரங்களுக்குச் சென்றன, பத்திரிகைகளில் வெளியாயின, குளிரலை வருமாயின், நடுவே கருஞ்சதுரம் பொறித்த வெள்ளைக் கொடி நிலையங்களில் ஏற்றப்பட்டது. நகருக்குப் பத்து மைலுக்கு அப்பாலுள்ள பாடசாலையின் கண்ணுக்கு அக்கொடி எங்ஙனம் தெரியும்? மூன்றாவது, நோக்கத்தின் குறை. அச்சேவையின் தொடக்கப் பெயரிலேயே வணிகத்தின் நன்மை குறிக்கப்பட்டிருந்தது. புகையிரதக் கம்பெனிகளும் பழுதாகும் பொருள்களை அனுப்பும் வணிகருமே அதனாற் பெரும்பயன் பெற்றோர். புற்றரை வீட்டுக் குடியானவன் அதன் கணக்கில் இடம்பெறவில்லை. இம்மூன்றனுள் முதற் குறை மன்னிக்கத்தக்கது. மற்றைய இரண்டும் மனிதரின் ஏற்பாட்டைச் சார்ந்தவை.

இரண்டு மாதம் கழித்து, அதே ஆண்டு மார்ச்சு 11 ஆம் நாள் தொடங்கி நான்கு நாட்கள் நியூ யோர்க் முதலான கிழக்கு நகரங்களை மற்றொரு பெரும் பனிப்புயல் முடக்கிற்று. நானூறு பேருக்கு மேல் மடிந்த அப்புயலை எதிர்வுகூறல் முன்னுணர்ந்து சொல்லவில்லை. 1890 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் வானிலைச் சேவை இராணுவத்திடமிருந்து நீக்கப்பட்டு, 1891 சூலை முதல் விவசாயத் திணைக்களத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதன்பின் தொலைபேசியும் வானொலியும் பண்ணை வீட்டு வாசலுக்கே செய்தியைக் கொணர்ந்தன. 1950 இல் மின்கணிப்பொறியின் துணைகொண்டு முதன்முதலாக எதிர்வுகூறல் கணிக்கப்பட்டது. 1960 ஏப்பிரலில் முதலாவது வானிலைச் செய்மதி விண்ணிற் செலுத்தப்பட்டது. அறிவின் குறை பெரும்பாலும் தீர்ந்தது எனலாம்.

ஆயினும் வரலாறு இங்கு முடிவுறவில்லை. 2022 ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் நியூ யோர்க் மாநிலத்தின் பபலோ நகரைப் பனிப்புயலொன்று தாக்கிற்று. பிரதேச வானிலை அலுவலகம் பல நாட்களுக்கு முன்னரே அதனைத் திருத்தமாக எதிர்வுகூறி, ஒரு தலைமுறைக்கு ஒருமுறையே நிகழத்தக்கதென எச்சரித்தது. எனினும் வாகனப் போக்குவரத்துக்கான தடை, புயல் தொடங்கிய அதே நாட் காலையிலேயே விதிக்கப்பட்டது. அதற்குள் வேலைக்குச் சென்றோர் பலர் வழியில் அகப்பட்டனர். நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; வாகனங்களிலும், வெப்பமற்ற வீடுகளிலும், தெருக்களிலும் அவர்கள் உயிர் நீத்தனர். 1888 இல் இருந்த அறிவுக் குறை இங்கே இல்லை. அறிந்ததைச் செயலாக மாற்றும் ஏற்பாட்டிலேயே குறை நேர்ந்தது.

ஆகவே நம் வினாவிற்கு விடை இதுவாகும்: எதிர்வுகூறல் ஒன்றின் தகுதியை அதன் சொற்களின் உண்மையை மட்டும் கொண்டு அளவிடலாகாது. அது உரிய வேளையில், உரியவர்க்கு விளங்கும் மொழியில், அவர் செயற்படக்கூடிய வகையிற் சென்று சேர்ந்ததா என்பதையும் கொண்டே அளவிடல் வேண்டும். நெபிராஸ்காவின் அரசாங்க மாளிகைச் சுவரில் 1967 இல் அமைக்கப்பட்ட கண்ணாடிச் சித்திரமொன்று ஆசிரியை ஒருவரும் பிள்ளைகளும் புயலினூடே செல்லும் காட்சியைக் காட்டுகின்றது. ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோர் அதனை எண்ணுந்தோறும், அவ்விடத்தில் நாமிருப்பின் யாது செய்திருப்போம் என்னும் வினா நெஞ்சில் எழாமற் போகாது. கற்றவர் கண்ட உண்மை, கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளையைச் சென்றடையும்வரை கற்பித்தல் நிறைவுறுவதில்லை என்பதை நாம் வகுப்பறையில் நாள்தோறும் உணர்கிறோம். 1888 ஆம் ஆண்டின் அந்நாள் நமக்குக் கூறுவதும் அதுவே.