அரசாங்கக் கம்பெனி என்றாலே நட்டம்தானா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கலுக்கு ஊர் வந்திருந்த பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது சிங்கப்பூரில் வேலை. பேச்சோடு பேச்சாக, "அரசாங்கம் நடத்துற கம்பெனின்னாலே நட்டம்தான் டீச்சர். எல்லாத்தையும் வித்துட்டா நிம்மதி" என்றான்.

"சரிடா, நீ திருச்சியில் வந்து இறங்கினியே, எந்த விமானம்?"

"ஸ்கூட், டீச்சர்."

"அது யாருடையது?"

விழித்தான். ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பாதிக்கு மேற்பட்ட பங்கு தெமாசெக் நிறுவனத்திடம் இருக்கிறது. தெமாசெக்கின் ஒரே உரிமையாளர் சிங்கப்பூர் அரசு. "நீ வந்ததே அரசாங்கக் கம்பெனி விமானத்தில்தான்" என்றதும் சிரித்துவிட்டான். அன்று அவனுக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

1972 வரை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சேர்த்து ஒரே விமான நிறுவனம். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் இரண்டும் தனித்தனி. உள்நாட்டுப் பாதைகள் மலேசியாவுக்குப் போயின. சிங்கப்பூருக்கு உள்நாடு என்று ஒன்று ஏது? ஏறினால் அடுத்த நாட்டில்தான் இறங்க வேண்டும். கையில் இருந்தவை 10 விமானங்கள். போட்டியோ உலகத்தின் பெரிய நிறுவனங்களோடு.

அப்போது பிரதமர் லீ குவான் யூ ஊழியர்களிடம் சொன்னதன் சாரம் இதுதான்: நாட்டின் கொடியைக் காட்டுவதற்காக இந்த நிறுவனம் இல்லை, சம்பாதிக்காவிட்டால் மூடிவிடுவோம். கேட்க ஈரமில்லாத பேச்சாகத்தான் இருக்கும். ஆனால் அன்றே கணக்கு தெளிவாகிவிட்டது. நட்டம் வந்தால் கஜானா இருக்கிறது என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை.

தலைவராக அமர்ந்தவர் ஜே. ஒய். பிள்ளை. மலேசியாவின் கிள்ளானில் பிறந்த இந்திய வம்சாவளியினர், பொறியியல் படித்த அரசு அதிகாரி. 1972 முதல் 1996 வரை அவரே தலைவர். ஆட்சியாளருக்குப் பிடித்தவர், பிடிக்காதவர் என்று ஆளை மாற்றிக்கொண்டே இருக்கவில்லை. அதனால் பத்தாண்டு கழித்துப் பலன் தரும் முடிவையும் அவரால் எடுக்க முடிந்தது.

அடுத்த படி 1974. அப்போது சிங்கப்பூர் அரசின் கையில் கப்பல் பட்டறை, இரும்பாலை, பறவைப் பூங்கா, காலணித் தொழிற்சாலை என்று பலவகை நிறுவனங்கள் இருந்தன. அவற்றில் 35 நிறுவனங்களின் பங்குகளை, சுமார் 35 கோடி வெள்ளி மதிப்புக்கு, தெமாசெக் என்ற புதிய நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். அமைச்சகத்தின் வேலை சட்டம் போடுவது, கொள்கை வகுப்பது. முதலாளி வேலையைத் தெமாசெக் பார்க்கும். அன்றாட வியாபாரத்தை அந்தந்த நிறுவனத்தின் இயக்குநர் குழு பார்க்கும்.

பள்ளிக்கூடத்தில் வினாத்தாள் எழுதுபவர், தேர்வு எழுதுபவர், திருத்துபவர் மூவரும் ஒரே ஆள் என்றால் மதிப்பெண்ணுக்கு என்ன மரியாதை? அந்த மூன்றையும் பிரித்ததுதான் தெமாசெக்கின் சூட்சுமம்.

1985-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன்பின் அதன் கணக்கை ஊரே பார்க்கலாம். தொடங்கி 48 ஆண்டுகளில் அது கண்ட முதல் ஆண்டு நட்டம், கொரோனா தாக்கிய 2020 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில்தான். அப்போது தெமாசெக் துணை நின்று சுமார் 880 கோடி வெள்ளி திரட்டிக் கொடுத்தது உண்மை. அதுவும் நிபந்தனைகளோடு, பங்குதாரர் ஒப்புதலோடு நடந்தது.

எல்லாமே பொன்னல்ல. தெமாசெக் தன் ஆண்டறிக்கையைப் பொதுவில் வெளியிட்டதே 2004-ல்தான். பிரதமராயிருந்த லீ சியன் லூங்கின் மனைவி ஹோ சிங் 2004 முதல் 2021 வரை அதன் தலைமை நிர்வாகி. இதைக் கேள்வி கேட்டவர்கள் உண்டு, கேட்டது நியாயமே. 2022-ல் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நிறுவனம் சரிந்தபோது தெமாசெக் இழந்தது 27.5 கோடி அமெரிக்க டாலர். ஆனால் அதன்பின் அந்த முதலீட்டைப் பரிந்துரைத்த குழுவுக்கும் மேலதிகாரிகளுக்கும் ஊதியம் குறைக்கப்பட்டது. தப்பு எங்கும் நடக்கும். அதற்குப் பொறுப்பேற்க ஒரு ஆள் இருக்கிறாரா என்பதே என் கேள்வி.

இனி நம் வீட்டுக் கதை. ஜே. ஆர். டி. டாடா 1932-ல் தொடங்கிய விமான நிறுவனம்தான் ஏர் இந்தியா ஆனது. 1953-ல் நாட்டுடைமை ஆக்கினார்கள். ஆனாலும் ஜே. ஆர். டி.யையே தலைவராக வைத்துக்கொண்டார்கள். 1962-ல், முழுக்க ஜெட் விமானங்களையே இயக்கிய உலகின் முதல் நிறுவனம் ஏர் இந்தியா. அப்போதும் அது அரசு நிறுவனம்தான், மறந்துவிடாதீர்கள்! 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு ஜே. ஆர். டி.யை நீக்கியது. அங்கே பிள்ளைக்கு 24 ஆண்டு, இங்கே ஜே. ஆர். டி.க்கு 25 ஆண்டு. ஆனால் அவருக்குப் பின் நம் ஊரில் அந்த நாற்காலிக்கு அந்த நிலைத்தன்மை இல்லை. 2007-ல் இந்தியன் ஏர்லைன்ஸை இதோடு இணைத்தார்கள். நட்டமும் கடனும் ஏறிக்கொண்டே போக, 2022 ஜனவரியில் டாடாவிடமே திரும்பப் போனது.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு ஆதங்கம் என்று கேட்பீர்கள். என் அப்பா ஒரு கூட்டுறவு நூற்பாலையில் வேலை பார்த்தவர். பெயர் வேண்டாம். மேலாளர் வந்து இருக்கை சூடாகும் முன்னே மாற்றல். பஞ்சு எந்த விலைக்கு, யாரிடம் வாங்குவது என்பதுகூட மில்லுக்கு வெளியே முடிவாகும். ஆலை மூடியபின், சேர வேண்டிய பணத்துக்காக அப்பா பல வருடம் நடந்தார். "தறியும் நூலும் நல்லாத்தான்மா இருந்துச்சு. கேக்க ஆள் இல்லாமப் போச்சு" என்பார். என் டிப்ளமோ படிப்புக்கு அம்மாவின் வளையல்தான் அடகுக்குப் போனது. ஒரு ஆலை மூடினால் எத்தனை வீட்டு அடுப்பில் அது தெரியும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

சிங்கப்பூரை அப்படியே நகலெடுக்க முடியாது. அது சிறு நாடு, ஒரே கட்சி தொடர்ந்து ஆளும் நாடு, தொழிற்சங்கங்களுக்குக் கடிவாளம் போட்ட நாடு. அதெல்லாம் நமக்கு வேண்டாம். ஆனால் மூன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம்: தகுதியானவரை அமர்த்தி அவரை நிலைக்க விடுவது, அன்றாட வியாபாரத்தில் அமைச்சகம் கை வைக்காமல் இருப்பது, கணக்கை ஊரறியக் காட்டுவது. இதற்குச் சிங்கப்பூராக இருக்கத் தேவையில்லை, மனசு இருந்தால் போதும்.

கடைசியாக மாணவனிடம் ஒன்று சொன்னேன். 2024 நவம்பரில் விஸ்தாரா நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, ஏர் இந்தியாவின் 25.1 சதவீதப் பங்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குப் போனது. அரசாங்கத்தால் நடத்த முடியாது என்று நாம் விற்ற நிறுவனத்தில், இன்னொரு நாட்டு அரசாங்கத்தின் நிறுவனத்துக்குக் கால் பங்கு!

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ தப்பு அரசாங்கம் வச்சிருந்ததுல இல்ல, வச்சிருந்த விதத்துலதானா டீச்சர்?" என்றான்.

முழு மதிப்பெண் போட்டேன்.