எலன் வில்கின்சன்: ஏணியும் வடிகட்டியும்

எலன் வில்கின்சன் 1891ல் மான்செஸ்டரில் பிறந்தவர். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். உதவித்தொகையில் படித்தே பல்கலைக்கழகம்வரை போனார், தொழிற்சங்க ஊழியரானார். 1924ல் தொழிற்கட்சி சார்பில் பாராளுமன்றம் போனார். முடியும் சிவப்பு, அரசியலும் சிவப்பு. 'சிவப்பு எலன்' என்றே பேர் விழுந்தது. 1932ல் இந்தியா லீக் குழுவோடு இங்கே வந்து காலனிய அடக்குமுறையை நேரில் பார்த்துப் போனார்.

1935ல் ஜாரோ தொகுதியில் ஜெயித்தார். கப்பல் கட்டும் தளத்தை மூடிவிட்டதால் ஊரே வேலையில்லாமல் கிடந்தது. 1936 அக்டோபரில் 200 ஆண்கள் மனுவோடு லண்டனுக்கு நடந்தார்கள். எலனும் பல கட்டங்களில் கூட நடந்தார். பிரதமர் பால்ட்வின் அவர்களைப் பார்க்க மறுத்துவிட்டார். ஊர் திரும்பினால், நடந்த நாட்களில் வேலைக்குத் தயாராக இல்லையென்று உதவிப்பணத்தில் வெட்டு. மனு கொடுக்கப் போனவனுக்கே தண்டனை. நமக்கு இது புதுசா என்ன?

1945ல் கல்வியமைச்சர். கட்டாயப் பள்ளிப்படிப்பை 14 வயதிலிருந்து 15 ஆக்க அமைச்சரவைக்குள் மல்லுக்கட்டினார். 1947 ஏப்ரலில் அது நடப்புக்கு வந்தது. பிப்ரவரியிலேயே அவர் செத்துப்போயிருந்தார்.

ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 11 வயதில் பரீட்சை வைத்து, சிலரைக் கிராமர் பள்ளிக்கும் பலரை மாடர்ன் பள்ளிக்கும் பிரித்த ஏற்பாட்டில் அவர் கைவைக்கவில்லை. சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்த்தும் கேட்கவில்லை. தான் ஏறிவந்த ஏணியை அவ்வளவு நம்பினார். வடிகட்டியில் கழிந்ததோ பெரும்பாலும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள்.

உதவித்தொகையில் படித்து மேலே வந்த நாம், ஜாரோ எலனைக் கொண்டாடுகிறபோதே அமைச்சர் எலனிடம் கேள்வியும் கேட்கவேண்டும். நாம் ஏறியது சரி. கீழே நிற்கிற பிள்ளைகளுக்கு என்ன வழி?