காற்றுக்குழாய் ஃபிளாஷிங்

காற்றுக்குழாய் ஃபிளாஷிங் என்பது கழிவுநீர் அமைப்பின் காற்றுக்குழாய் கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்தில், மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்கப் பொருத்தப்படும் உறுப்பு. கூரையின் மேல் படியும் அகலமான அடித்தகடு, குழாயைச் சுற்றிப் பிடிக்கும் கழுத்து என்று இதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்பால்ட் ஷிங்கிள் எனப்படும் தார்ப்பூச்சு வில்லைகள் வேய்ந்த சரிவுக் கூரை வீடுகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. அங்குள்ள கூரைத் தொழிலாளர்கள் இதை ‘பைப் பூட்’, ‘பைப் ஜாக்’ என்றும் சொல்வார்கள்.

ஷிங்கிள் கூரை பொதுவாக 20 முதல் 30 ஆண்டுகள் உழைக்கும். ரப்பர் கழுத்துள்ள சாதாரண ஃபிளாஷிங்கோ பல வீடுகளில் 10 ஆண்டுகளை ஒட்டியே வெடித்துவிடும். கூரை நல்ல நிலையில் இருக்கும்போதே குளியலறை உட்கூரையில் ஈரக்கறை தோன்றுவதற்கு இந்த வயது வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

காற்றுக்குழாயின் பணி

கைகழுவும் தொட்டி, குளியலறை வடிகால், கழிப்பறை ஆகியவற்றின் அடியில் ‘டிராப்’ எனப்படும் வளைவு இருக்கும். அதில் எப்போதும் தேங்கி நிற்கும் நீர், சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கிறது. ‘எஸ்’ வடிவ டிராப் கொண்ட கழிப்பறைக்கு அலெக்சாண்டர் கம்மிங் 1775-ல் லண்டனில் காப்புரிமை பெற்றார். அமெரிக்க விதிகளின்படி இந்த நீரடைப்பின் ஆழம் பொதுவாக 2 முதல் 4 அங்குலம்.

குழாயில் நீர் வேகமாக இறங்கும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் அந்த உறிஞ்சல் டிராப்பில் உள்ள நீரையும் இழுத்துச் சென்றுவிடும். காற்றுக்குழாய் வெளிக்காற்றை உள்ளே விட்டு அழுத்தத்தைச் சமன்செய்கிறது; சாக்கடை வாயுவை வீட்டுக்கு மேலே வெளியேற்றுகிறது. அதனால்தான் அது கூரைக்கு வெளியே திறந்த வாயுடன் நிற்கிறது. திறந்த வாயில் விழும் மழைநீர் குழாய்வழியே சாக்கடைக்குப் போய்விடுவதால் அதனால் கசிவு ஏற்படுவதில்லை. குழாயின் வெளிப்புறத்துக்கும் கூரைத் துளைக்கும் இடையில் உள்ள இடைவெளிதான் அடைக்கப்பட வேண்டியது.

அமெரிக்காவின் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பு, காற்றுக்குழாய் கூரைக்கு மேல் குறைந்தது 6 அங்குலம் நீண்டிருக்க வேண்டும் என்கிறது. பனி விழும் இடங்களில் பனித்தேக்கத்தின் உயரமும் கணக்கில் கொள்ளப்படும். மக்கள் நடமாடும் மொட்டைமாடியாக இருந்தால் குறைந்தது 7 அடி வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் கழிவுநீர்க் குழாயும் காற்றுக்குழாயும் பெரும்பாலும் வெளிச்சுவரை ஒட்டியே மேலேறுவதால் கூரையைத் துளைக்க வேண்டிய தேவை குறைவு. டொராண்டோவிலும் அதைச் சுற்றியும் உள்ள ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்டன் போன்ற பகுதிகளில் வீடு வாங்கிய தமிழர்களுக்கு இந்த உறுப்பு புதிய பராமரிப்புப் பொறுப்பாக வந்து சேர்கிறது.

நீரைத் தடுக்கும் விதம்

ஃபிளாஷிங் பசையை நம்பி வேலை செய்வதில்லை. அடுக்கும் வரிசையை நம்பியே வேலை செய்கிறது. தென்னங்கீற்று வேய்பவர் கீழ் விளிம்பில் தொடங்கி, மேல்வரிசைக் கீற்று கீழ்வரிசையின்மீது படியும்படி ஏறிச் செல்வதுபோல, ஷிங்கிள் கூரையிலும் ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழுள்ளதன்மேல் நீரை ஒப்படைக்கிறது. அடித்தகட்டின் மேல்விளிம்பும் பக்கவிளிம்புகளும் ஷிங்கிளுக்கு அடியில் போக வேண்டும். கீழ்விளிம்பு மட்டும் கீழ்வரிசை ஷிங்கிளின் மேல் வெளியே தெரிய வேண்டும். மேலிருந்து வரும் நீர் தகட்டில் ஏறி, குழாயைச் சுற்றி ஓடி, கீழ்வரிசையில் இறங்கும். இந்த வரிசை மாறினால் எவ்வளவு பசை பூசினாலும் கசிவு நிற்காது.

வகைகள்

*ரப்பர் கழுத்து வகை:* அலுமினியம், துத்தநாகம் பூசிய எஃகு அல்லது பிளாஸ்டிக் அடித்தகட்டில் நியோபிரீன் அல்லது ஈபிடிஎம் ரப்பர் வளையம் பொருத்தப்பட்டிருக்கும். நியோபிரீன், அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் 1930-ல் உருவான செயற்கை ரப்பர். விலை மலிவு, பொருத்துவது எளிது என்பதால் இந்த வகையே அதிகம் புழங்குகிறது.

*ஈயவகை:* குழாயை முழுதும் மூடும் உயரமான ஈய உறை. அதன் மேல்முனையைக் குழாயின் வாய்க்குள் மடித்துவிடுவார்கள். ரப்பர் இல்லாததால் வெயிலில் வெடிக்காது, நீண்டகாலம் உழைக்கும். ஆனால் அணில்கள் ஈயத்தைக் கடித்துத் துளையிடுவது வட அமெரிக்காவில் அடிக்கடி நேர்வது. ஈயம் நச்சு என்பதால் கையாண்ட பின் கைகழுவ வேண்டும். கூரைநீரைக் குடிக்கச் சேமிக்கும் வீடுகளுக்கு இது ஏற்றதல்ல.

*சிலிக்கோன் கழுத்து வகை:* வெயிலையும் வெப்பத்தையும் நியோபிரீனைவிட நன்றாகத் தாங்கும். விலை கூடுதல்.

*உலோகக் கூரைக்கான நெகிழ்வகை:* அலைவடிவத் தகட்டுக் கூரையில் தட்டையான அடித்தகடு படியாது. எனவே ரப்பர் அடிப்பகுதியின் விளிம்பில் வளையக்கூடிய அலுமினியப் பட்டை இருக்கும். அதைத் தகட்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அழுத்தித் திருகாணி போடுவார்கள்.

எரிவாயு நீர்ச்சூடாக்கி, வீட்டைச் சூடாக்கும் உலை ஆகியவற்றின் உலோகப் புகைக்குழாய்களும் கூரையில் தெரியும். அவற்றின் வெப்பத்துக்குச் சாதாரண ரப்பர் கழுத்து பொருந்தாது; அதற்கென்று தனி ஃபிளாஷிங் உண்டு.

பழுதாகும் காரணங்கள்

முதன்மையான எதிரி சூரிய ஒளி. புற ஊதாக்கதிரும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரின் நெகிழ்வைப் போக்கி மயிரிழை வெடிப்புகளை உண்டாக்குகின்றன. குழாயைச் சுற்றி இழுபட்ட நிலையில் ரப்பர் எப்போதும் விறைத்து நிற்பதால் வெடிப்பு விரைவில் பிளவாகிறது.

அடுத்தது குழாயின் அசைவு. பழைய வீடுகளின் வார்ப்பிரும்புக் குழாய்களைவிடப் பிற்கால வீடுகளின் பிவிசி, ஏபிஎஸ் குழாய்கள் வெப்பத்தில் அதிகம் நீள்கின்றன. 10 மீட்டர் நீளப் பிவிசி குழாய், வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். ஒவ்வொரு முறை சுடுநீர் திறக்கும்போதும், ஒவ்வொரு கோடையிலும் குளிர்காலத்திலும் குழாய் மேலும் கீழும் உரசிக்கொண்டே இருக்கிறது.

மற்றவை வேலைக் குறைகள். குழாயின் அளவுக்குப் பொருந்தாத கழுத்து, வெளியே தெரியும்படி அடித்த ஆணி, பக்கவிளிம்பை ஷிங்கிளுக்கு மேலே விட்டுவிடுதல், புதுக்கூரை வேயும்போது செலவை மிச்சப்படுத்தப் பழைய ஃபிளாஷிங்கையே விட்டுவைத்தல் ஆகியன அவற்றில் முக்கியமானவை.

அறிகுறிகளும் கண்டறிதலும்

குளியலறை அல்லது சமையலறையின் உட்கூரையில் மழைக்குப் பின் பழுப்பு வளையம் தோன்றுவதே பெரும்பாலும் முதல் அறிகுறி. பரணில் ஏறிப் பார்த்தால் குழாயின் வெளிப்புறத்தில் நீர் வழிந்த கோடு, சுற்றியுள்ள பலகையில் கருமை, துருப்பிடித்த ஆணி முனைகள், நனைந்து அமுங்கிய வெப்பக்காப்புப் பஞ்சு ஆகியவை தெரியும். கூரையில் நுழையும் நீர் சட்டத்தின் வழியே ஓடிச் சற்றுத் தள்ளிச் சொட்டக்கூடும். எனவே கறை இருக்கும் இடத்துக்கு நேர்மேலே மட்டும் தேடாமல், அங்கிருந்து கூரை உயரும் திசையிலும் தேட வேண்டும்.

மழையில்லாத குளிர்நாட்களிலும் குழாய் நனைந்திருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். வீட்டின் ஈரக்காற்று பரணுக்குள் கசிந்து, குளிர்ந்த குழாயின்மேல் நீராகப் படிவதும் உண்டு. மழைநாளிலும் வறண்ட நாளிலும் பரணைப் பார்த்து ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

தோட்டக்குழாயால் நீர் பாய்ச்சிப் பார்ப்பது மற்றொரு சோதனை. ஒருவர் பரணில் இருக்க, மற்றவர் ஃபிளாஷிங்குக்குக் கீழே தொடங்கிச் சில நிமிட இடைவெளியில் மெல்ல மேலே நகர வேண்டும். எடுத்தவுடன் மேலிருந்து நீர் விட்டால் எந்த இடத்தில் கசிகிறது என்பது தெரியாமல் போகும்.

மாற்றும் முறை

மேகமூட்டமான, மிதமான வெப்பமுள்ள, காற்றில்லாத நாள் ஏற்றது. கடுங்குளிரில் ஷிங்கிள் உடையும். உச்சிவெயிலில் இளகி, காலடி பட்டே சிதையும். தட்டைக் கடப்பாரை, சுத்தி, கூர்மையான வெட்டுக்கத்தி, கூரை ஆணி, கூரைக்கான சீலண்ட், சில மாற்று ஷிங்கிள்கள் ஆகியவை தேவை. வாங்கும் முன் குழாயின் வெளிவிட்டத்தை அளப்பது அவசியம்: 2 அங்குலக் குழாய் என்று விற்கப்படுவதன் வெளிவிட்டம் 2⅜ அங்குலம், 3 அங்குலக் குழாய்க்கு 3½ அங்குலம்.

1. ஃபிளாஷிங்கின் மேலும் பக்கங்களிலும் உள்ள ஷிங்கிள்களின் ஒட்டுப்பட்டையைக் கடப்பாரையால் மெல்லப் பிரித்து, ஆணிகளைப் பிடுங்க வேண்டும். அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ஷிங்கிள் ஒன்றின் ஆணி, அதற்கு மேல்வரிசை ஷிங்கிளின் அடியில் மறைந்திருக்கும். ஆகவே இரண்டு வரிசை மேலே வரை தளர்த்த நேரும்.

2. பழைய ஃபிளாஷிங்கை நீக்கியதும் அடியிலுள்ள ப்ளைவுட் பலகையை அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று அமுங்கினால் உளுத்துவிட்டது. அந்தப் பகுதியை வெட்டி மாற்றாமல் மேலே செல்லக் கூடாது.

3. பலகையின் மேலுள்ள நீர்த்தடுப்பு விரிப்பு கிழிந்திருந்தால், குழாயைச் சுற்றித் தானே ஒட்டும் விரிப்பைப் போட வேண்டும். அதிலும் மேல் துண்டு கீழ்த்துண்டின்மேல் படிய வேண்டும்.

4. புதிய ஃபிளாஷிங்கைக் குழாயில் இறக்கி, மேல்விளிம்பை ஷிங்கிளுக்கு அடியில் செருக வேண்டும். கழுத்து உட்புறமாக மடிந்துகொள்ளாமல் பார்க்க வேண்டும். கீழே தள்ளிவிட்டுச் சற்றே மேலே இழுத்தால் ரப்பர் சரியாகப் படியும்.

5. ஆணிகளை ஷிங்கிள் மூடும் மேல், பக்க விளிம்புகளில் அடிக்க வேண்டும். தயாரிப்பாளரின் குறிப்பின்படி கீழ்விளிம்பிலும் ஆணி அடிக்க நேர்ந்தால் அதன் தலையைச் சீலண்டால் மூட வேண்டும்.

6. ஷிங்கிள்களை மீண்டும் பதிக்கையில், கழுத்தைச் சுற்றிச் சிறிது இடைவெளி விட்டு வெட்ட வேண்டும். நெருக்கி வெட்டினால் சருகு சிக்கி நீர் தேங்கும். பிரித்த ஒட்டுப்பட்டை மீண்டும் ஒட்டாமல் போகக்கூடும் என்பதால், ஒவ்வொரு ஷிங்கிளின் அடியிலும் ஆஸ்பால்ட் கூரைப்பசையைச் சிறு பொட்டுகளாக வைத்து அழுத்த வேண்டும்.

தற்காலிகத் தீர்வுகள்

வெடித்த கழுத்தைச் சுற்றிப் பசை பூசுவதே பலர் முதலில் செய்வது. அடுத்த மழையைச் சமாளிக்க அது உதவும். குழாய் அசையும்போது பூச்சும் விரைவில் பிளந்துவிடும். அளவுக்கு மீறிய பசை நீரோட்டத்துக்கு அணையாகி, நீரை ஷிங்கிளுக்கு அடியில் திருப்பியும் விடலாம்.

அடித்தகடு நல்ல நிலையில் இருந்து, ரப்பர் மட்டும் வெடித்திருந்தால், பழைய கழுத்தின்மேல் இறக்கிப் பொருத்தும் மாற்றுக் கழுத்துகள் கிடைக்கின்றன. ஷிங்கிளைப் பிரிக்காமலே இவற்றைப் பொருத்தலாம். அடித்தகடு துருப்பிடித்திருந்தாலோ பலகை உளுத்திருந்தாலோ முழுதும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கடுங்குளிர்ப் பகுதிகள்

கழிவுநீர் அமைப்பிலிருந்து மேலேறும் ஈரமான வெதுவெதுப்பான காற்று, குழாயின் வாயில் உறைபனியாகப் படிந்து அதை அடைத்துவிடலாம். அதனால் குளிர்கால வடிவமைப்பு வெப்பநிலை மைனஸ் 18 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே உள்ள இடங்களில், கூரைக்கு வெளியே வரும் குழாய் குறைந்தது 3 அங்குல விட்டம் கொண்டிருக்க வேண்டும் என்று சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பு கூறுகிறது. உலோகக் கூரைகளில் சறுக்கி இறங்கும் பனிப்பாளம் குழாயையும் ஃபிளாஷிங்கையும் பெயர்த்துவிடும். கூரை முகட்டுக்கு அருகே குழாயை வெளியேற்றுவது இதற்கு நல்ல தடுப்பு.

பாதுகாப்பு

ஃபிளாஷிங் மாற்றுவதில் பெரிய ஆபத்து விழுதல். கட்டுமானத் தொழிலாளர்கள் 6 அடி அல்லது அதற்கு மேற்பட்ட உயரத்தில் வேலை செய்தால் விழுதடுப்பு ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பணிப்பாதுகாப்பு நிர்வாகத்தின் விதி. ஏணியின் 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் அடிப்பாகத்தைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மேல்முனை கூரை விளிம்புக்கு மேல் 3 அடி நீண்டிருக்க வேண்டும். செங்குத்தான கூரை, ஈரக்கூரை, அருகில் மின்கம்பி செல்லும் கூரை ஆகியவற்றில் பழக்கமில்லாதவர் ஏறக் கூடாது.

பராமரிப்பு

ஆண்டுக்கு ஒருமுறையும் பெரும்புயலுக்குப் பிறகும் தரையில் நின்று இருகண் நோக்கியால் கழுத்தைப் பார்ப்பதே போதுமான கண்காணிப்பு. வட அமெரிக்காவில் தெற்கு, மேற்குச் சரிவுகளில் வெயில் அதிகம் படுவதால் அங்குள்ள கழுத்துகள் முதலில் வெடிக்கும். வீட்டுக் காப்பீடு பொதுவாகத் திடீர்ச் சேதத்துக்கே ஈடு தருகிறது. தேய்மானத்தால் நாள்பட்டு வந்த கசிவை ஏற்பதில்லை. கூரையைப் புதிதாக வேயும்போது எல்லாக் காற்றுக்குழாய்களின் ஃபிளாஷிங்கையும் சேர்த்து மாற்றும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது: அப்போது ஷிங்கிளைத் தனியாகப் பிரிக்கும் வேலை இல்லாததால் கூடுதல் செலவு ஏறக்குறைய உறுப்பின் விலை மட்டுமே.