பஸ்கால் ஏன் ஓய்ந்தது? கோபோல் ஏன் ஓயவில்லை?

சாதாரண தரத்தில் பஸ்கால் படித்துவிட்டு உயர்தரத்தில் பைதனுக்கு மாறிய பிள்ளைகள் நம்மிடம் கேட்பார்கள்: "யாரும் பாவிக்காத மொழியை ஏன் சேர் படிப்பிச்சீங்க?" நியாயமான கேள்விதான்.

பஸ்கால் ஓர் ஆசிரியர் செய்த மொழி. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பேராசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த், மாணவரை ஒழுங்காகச் சிந்திக்கப் பழக்குவதற்கென்று 1970இல் அதை வெளியிட்டார். (அவர் காலமானது 2024 ஜனவரி முதலாம் திகதி.) 1983இல் போர்லண்ட் கம்பனி டேர்போ பஸ்காலை 49.95 டொலருக்கு விற்றபோது அது வீட்டுக் கணினிகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் வகுப்பறையில் உதவிய கண்டிப்பு வேலைத்தளத்தில் இடைஞ்சலானது. ஆரம்பப் பஸ்காலில் பத்து எண்களை வரிசைப்படுத்த எழுதிய துணைநிரலிடம் இருபது எண்களைக் கொடுக்க முடியாது. இதை ஒவ்வொரு கம்பனியும் தன்பாட்டுக்குத் திருத்தியது. ஒன்றுக்கு எழுதியது மற்றதில் ஓடவில்லை.

சி மொழியில் கண்டிப்புக் குறைவு, ஆபத்து அதிகம். மொழி என்று பார்த்தால் நமக்குப் பஸ்கால்தான் மேல். ஆனாலும் 1973இல் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தையே சி மொழியில் திருப்பி எழுதினார்கள். அமெரிக்க அரசுடன் 1956இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி அந்தத் தொலைபேசிக் கம்பனியால் கணினி வியாபாரத்தில் இறங்க முடியாது. ஆகவே யுனிக்ஸ் சொற்பக் கட்டணத்தில், மூலநிரலோடு பல்கலைக்கழகங்களுக்குப் போனது. யுனிக்ஸ் வேண்டியவர் சி படித்தே ஆகவேண்டும்!

கோபோல் கதை இன்னும் விசித்திரம். 1959இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவோடு ஒரு குழு அதை உருவாக்கத் தொடங்கியது. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா அதைக் கடுமையாகச் சாடினார். அதனால் என்ன? வங்கிக் கணக்கு, சம்பளம், காப்புறுதி எல்லாம் அதில் எழுதியாயிற்று. ஓடிக்கொண்டிருக்கும் வங்கி நிரலை மாற்ற யாருக்குத் துணிச்சல் வரும்? 2020இல் கொரோனாவால் தொழில் இழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூ ஜேர்சி ஆளுநர் கோபோல் தெரிந்தவர்களைத் தொண்டர்களாக வரும்படி பகிரங்கமாகக் கேட்டார். அங்கிருந்த கணினி முறைமைகள் 40 வருடத்துக்கும் மேல் பழையவை.

பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். டேர்போ பஸ்காலுக்கு அடிப்படையான நிரலை எழுதிய அன்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க், பிறகு மைக்ரோசொப்ட் கம்பனியில் சி ஷார்ப் மொழியையும் டைப்ஸ்கிரிப்ட் மொழியையும் வடிவமைத்தார். அவை இரண்டும் இன்று சம்பளம் தரும் மொழிகள்.