சூத்திரமா, நீதிபதியா?
பிரிந்த பெற்றோரும் பிள்ளைப் பராமரிப்புத் தொகையும்: பிரிட்டன், இந்தியா ஓர் ஒப்பாய்வு

மாதச் சம்பளக்காரர் ஒருவர் மனைவியைப் பிரிகிறார். இரண்டு பிள்ளைகளும் அம்மாவிடம் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்காக அவர் எவ்வளவு தர வேண்டும்? பிரிட்டனில் இந்தக் கேள்விக்குக் கால்குலேட்டரே பதில் சொல்லிவிடும். இந்தியாவில் நீதிபதிதான் சொல்ல வேண்டும். அதற்கு எத்தனை வாய்தா ஆகும் என்று வக்கீலாலும் சொல்ல முடியாது.

ஒன்று எல்லோருக்கும் ஒரே கணக்கு. மற்றொன்று ஆளுக்கு ஏற்ற தீர்ப்பு. இரண்டுமே நியாயத்தின் பெயரால்தான் வந்தவை. தொகை எப்படி முடிவாகிறது, யார் வருமானம் கணக்கில் வருகிறது, பிள்ளை யாரிடம் எத்தனை நாள் இருக்கிறது என்பதற்கு மதிப்பு உண்டா, பணம் உண்மையில் கைக்கு வருகிறதா என்ற நான்கு கேள்விகளை வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

தொகை முடிவாகும் விதம்

பிரிட்டனில் குழந்தை ஆதரவுச் சட்டம் 1991-இல் வந்தது. 1993-இல் அதற்கென்று தனி அரசு முகமை தொடங்கியது. 2012 முதல் அந்த வேலையை ‘சைல்டு மெயின்டனன்ஸ் சர்வீஸ்’ பார்த்துவருகிறது. பெற்றோர் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டால் அரசு தலையிடுவதில்லை. பேச்சு முறிந்து ஒருவர் விண்ணப்பித்தால், பணம் தர வேண்டியவரின் வருமான விவரத்தை வரித்துறையிடமிருந்தே அந்த அலுவலகம் வாங்கிக்கொள்கிறது. வரி பிடிக்கும் முன் வார வருமானம் 200 முதல் 800 பவுண்டு வரை என்றால், ஒரு பிள்ளைக்கு 12 சதவீதம், இரண்டு பிள்ளைகளுக்கு 16, மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் 19. அதற்கு மேற்பட்ட வருமானத்துக்கு விகிதம் குறையும். வாரம் 600 பவுண்டு வாங்குபவர் இரண்டு பிள்ளைகளுக்கு 96 பவுண்டு தர வேண்டும். அவர் இன்னொரு குடும்பம் அமைத்து, அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால், முதலில் வருமானத்தில் 11 சதவீதத்தைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் கணக்குப் போடுவார்கள். அப்போது தொகை 85 பவுண்டு 44 பென்ஸ். வாதத்திறமைக்கு இங்கே வேலையே இல்லை.

இந்தியாவில் பெரும்பாலோர் போவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவுக்கு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு. எண் மாறியதே தவிர முறை மாறவில்லை. மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாது என்று மத்தியச் சட்டத்தில் இருந்த உச்சவரம்பை 2001-இல் எடுத்தார்கள். எடுத்த இடத்தில் வேறு அளவுகோல் எதையும் வைக்கவில்லை. கணவனின் நிகரச் சம்பளத்தில் கால் பங்கு என்று வழக்குமன்றங்களில் அடிபடும் கணக்கு, உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒரு மனைவியின் ஜீவனாம்ச வழக்கில் சொன்னது; பிள்ளைக்கு எவ்வளவு என்பதற்கு அதில் விடை இல்லை.

ஆனாலும் நம் நீதிமன்றங்கள் பார்க்கும் பார்வை அகலமானது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொன்னது. அதற்கு மாதிரிப் படிவமும் தந்தது. நகரவாசிக்கு ஒன்று, விவசாயிக்கு ஒன்று. விவசாயிக்கான படிவம் நிலத்தின் அளவையும் விளைச்சலையும் கேட்பதோடு நிற்காமல், மாடு, எருமை, ஆடு, கோழி எத்தனை, அவற்றால் வருமானம் எவ்வளவு என்றும் கேட்கிறது. வரித்துறையின் ஏட்டில் ஏறாத வருமானமே அதிகமுள்ள நாட்டுக்கு இந்தக் கேள்விகள் அவசியம். பிரிட்டன் சூத்திரத்தின் பலவீனமும் இங்கேதான். சொந்தக் கம்பெனி நடத்துபவர் தனக்குச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு லாப ஈவாக எடுத்தால், வழக்கமான கணக்கில் அது வராது. அம்மா தனியாக விண்ணப்பித்துக் கேட்டால்தான் வரும்.

யார் வருமானம்?

பிரிட்டன் சூத்திரம் பணம் தருபவரின் வருமானத்தை மட்டுமே பார்க்கிறது. பிள்ளையை வைத்திருக்கும் அம்மா அவரைப் போல இரண்டு மடங்கு சம்பாதித்தாலும் அதே 96 பவுண்டுதான். வேலையே இல்லாவிட்டாலும் அதே 96 பவுண்டுதான். அங்குள்ள அப்பாக்களின் முக்கியமான மனக்குறை இது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2000-இல் பத்மஜா சர்மா வழக்கில் வேறு வழியில் போனது. இருவரும் சம்பாதிப்பவர்கள், கணவனின் வருமானம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிள்ளையைக் காப்பாற்றுவது இருவர் கடமை என்று சொல்லி, ஒரு பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று வைத்து, அதை 2:1 என்ற விகிதத்தில் இருவரும் ஏற்க வேண்டும் என்றது. படித்துப் பார்ப்பவருக்கு இதுதான் நியாயம் என்று உடனே தோன்றும்.

பிரிட்டன் இதை யோசிக்காமல் விட்டதல்ல. 1993-இல் வந்த முதல் சூத்திரம் இரு பெற்றோரின் வருமானத்தையும், வீட்டுச் செலவையும், இன்னும் பலவற்றையும் கணக்கில் எடுத்தது. விளைவு, கணக்குப் போடவே மாதக்கணக்கில் ஆனது. போட்ட கணக்கிலும் பிழைகள் மலிந்தன. அந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கத்தான் 2003-இல் அம்மாவின் வருமானத்தை விட்டுவிட்டு எளிய சதவீதத்துக்கு வந்தார்கள். நுணுக்கமான நியாயத்தைத் தேடிப்போய்ப் பிள்ளைக்குக் காசு தாமதமாவதைவிட, கொஞ்சம் முரட்டுக் கணக்காக இருந்தாலும் உடனே கிடைப்பது மேல் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

இரவுகளுக்கு ஒரு விலை

பிள்ளை வருடத்தில் 52 இரவுகள் அப்பா வீட்டில் தங்கினால் தொகையில் ஏழில் ஒரு பங்கு குறையும் என்பது பிரிட்டன் விதி. 104 இரவு என்றால் ஏழில் இரண்டு, 156 என்றால் ஏழில் மூன்று, 175-ஐத் தொட்டால் ஏறக்குறைய பாதி. பிள்ளையை வைத்துச் சோறு போடும் செலவை மதிக்கும் நல்ல விதிதான். ஆனால் மேலே பார்த்த 96 பவுண்டுக்காரருக்கு 51-ஆவது இரவுக்கும் 52-ஆவது இரவுக்கும் இடையே வருடத்துக்கு 713 பவுண்டு வித்தியாசம். அந்த ஓர் இரவுக்காக அப்பா பிள்ளையைக் கேட்பதும், அதே காரணத்துக்காக அம்மா மறுப்பதும் நடக்காமல் இருக்குமா? பிள்ளையின் தூக்கம் பேரத்துக்கு வந்துவிடுகிறது.

இந்தியாவில் இதற்கு நேர் எதிரான குறை. வார இறுதியில் சில மணி நேரம் பார்வை உரிமை பெற்ற அப்பாவும், விடுமுறை முழுவதும் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்கும் அப்பாவும் தொகையில் ஒன்றுபோல நடத்தப்படலாம். குறைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதி எதுவும் இல்லை.

கைக்கு வரும் பணம்

பிரிட்டனில் ஒருவர் ஒழுங்காகத் தராவிட்டால், அலுவலகமே முதலாளியிடம் சொல்லிச் சம்பளத்தில் பிடிக்கும். ஓட்டுநர் உரிமத்தையும் பாஸ்போர்ட்டையும் பறிக்க நீதிமன்றத்தைக் கேட்கலாம். கடைசியாக ஆறு வாரம் வரை சிறை. ஆனால் அலுவலகம் வசூலித்துத் தருவதற்கு 2014-இல் கட்டணம் வைத்தார்கள்: தருபவர் 20 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும், பெறுபவருக்கு 4 சதவீதம் பிடித்தம். 96 பவுண்டு கணக்கில் அப்பா கட்டுவது 115.20, அம்மா கைக்கு வருவது 92.16. பொறுப்பாகத் தராதவருக்கு அபராதம் போடுவது சரி. பிள்ளையின் பங்கில் கைவைப்பது எந்த விதத்தில் சரி? அங்கும் பாக்கி விழாமல் இல்லை. பழைய முகமை விட்டுப்போன நிலுவையில் பெரும்பகுதியைத் தேறாது என்று கைவிட்டார்கள்.

இந்தியாவில் ஒவ்வொரு நிலுவைக்கும் அம்மாதான் மறுபடி மனுப் போட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டும். அதுவும் தொகை நிலுவையான ஒரு வருடத்துக்குள். தராத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய்விட்டு வந்தால் பாக்கி கழிந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தெளிவாக்கிவிட்டது. சட்டத்தில் பல் இருக்கிறது. கடிக்க வைக்கும் வேலைதான் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கே வழியில்லாமல் நிற்கும் பெண்ணின் தலையில் விழுகிறது.

எது நியாயம்?

தொகையின் அளவில் இந்திய நீதிமன்றம் நியாயத்துக்கு அருகே வருகிறது. நேரத்திலும் நிச்சயத்திலும் பிரிட்டன் அலுவலகம் முந்துகிறது. ஆனால் நான் முக்கியமாக நினைக்கும் வித்தியாசம் வேறு. பிரிட்டனில் பிள்ளைக்கான தொகை, கணவன் மனைவி வழக்கிலிருந்து முழுக்கத் தனி. விவாகரத்து யார் குற்றத்தால் வந்தது என்ற பேச்சே அங்கு எழாது. நம்மிடம் அம்மா முதல் மனுதாரர், பிள்ளை இரண்டாம் மனுதாரர். மனைவி தானே வீட்டைவிட்டுப் போனாளா, அவளுக்குச் சம்பாதிக்கும் தகுதி இருக்கிறதா என்று வாதம் ஓடி முடியும்வரை இரண்டாம் மனுதாரரும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பெரியவர்களின் சண்டைக்குப் பிள்ளை வட்டி கட்டுகிறது.

சூத்திரம் நம் மண்ணுக்கு ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது. அனுரீதா வோரா வழக்கில் 2004-இலேயே டெல்லி உயர் நீதிமன்றம் ஒன்றைப் போட்டுக் காட்டியது. சம்பாதிக்கும் கணவனுக்கு இரண்டு பங்கு, மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. கைக்கு வருவது 60,000 ரூபாய், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரு பங்கு 12,000. பிள்ளைகளுக்கு மட்டும் 24,000. இதை இறுதிக் கணக்காக வைக்க வேண்டியதில்லை. தொடக்கக் கணக்காக வைக்கலாம். மனு வந்த முதல் வாய்தாவிலேயே இப்படி ஓர் இடைக்காலத் தொகையைப் பிள்ளைக்கு மட்டும் தனியாக உத்தரவிட்டுவிட்டு, அம்மாவின் வருமானம், ஆடு மாடு, மறைத்த சொத்து எல்லாவற்றையும் அப்புறம் விசாரித்துக் கூட்டலாம், குறைக்கலாம். சம்பளக்காரராக இருந்தால் முதல் மாதத்திலிருந்தே நிறுவனம் பிடித்து அனுப்பட்டும்.

சட்டம் அதுவரை வருமா என்று காத்திருக்க வேண்டாம். மனுத் தாக்கல் செய்யப் போகிறவர்கள், பிள்ளைக்கான தொகையைத் தனி எண்ணாகவும் வருடாந்திர உயர்வோடும் எழுதச் சொல்லி இன்றே தங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.